மகளின் ஆறாம் தரத்துக்கு எந்தப் பாடசாலை? தோட்டம், நகரம், சர்வதேசப் பாடசாலை ஆகியவற்றை எப்படி ஒப்பிடுவது?

கேள்வி: ஹட்டன் பகுதித் தாய்

வணக்கம். ஹட்டன் நகரிலிருந்து பதினான்கு கிலோமீற்றர் உள்ளே இருக்கும் ஒரு தோட்டத்தில் சிறுவர் அபிவிருத்தி நிலையப் பொறுப்பாளராகப் பணியாற்றுகிறேன். பழைய பெயரில் சொன்னால் அது பிள்ளைக் காம்பரா, தாய்மார் வேலைக்குப் போகும் நேரத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். என் கணவர் கொழும்பில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் வேலை செய்து மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருகிறார். எங்கள் மூத்த மகள் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் 121 புள்ளிகள் பெற்றுச் சித்தியடைந்தாள். ஆனால் நகரத்துப் பெரிய பாடசாலைகளில் இடம் பெறத் தேவையான வெட்டுப்புள்ளியைத் தொடவில்லை. ஆகவே அடுத்த வருடம் அவளை எங்கே சேர்ப்பது என்ற முடிவை நாங்களேதான் எடுக்க வேண்டியிருக்கிறது.

அவள் இப்போது கற்பது எங்கள் தோட்டத்துப் பாடசாலையில். நாங்கள் வசிக்கும் லயத்திலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து, ஏழு நிமிட நடை. தரம் 1 முதல் 11 வரையுள்ள, வகை 2 எனப்படும் மாகாணப் பாடசாலை அது. ஆரம்பப் பிரிவில் அவளுக்குக் கற்பித்த ஆசிரியை பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் பிள்ளைகளை எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழக்கிய விதத்தைப் பார்த்துத்தான் எங்கள் நிலையத்துச் சின்னவர்களுக்குக் கதை சொல்லும் முறையையே நான் மாற்றிக்கொண்டேன். ஆறாம் தரத்துக்கு மேல் நிலைமை வேறு. விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் இல்லை. கணிதத்துக்கு இருந்தவர் சென்ற வருடம் சொந்த ஊருக்கு இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். அப்படியான வெற்றிடம் ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்பதை அனுபவித்து அறிந்தவள் நான். நான் படித்தது வேறொரு தோட்டத்தில். தரம் 9, 10 இரண்டிலும் கணித பாடவேளைகளில் கரும்பலகையைத் துடைத்துவிட்டு அடுத்த மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தோம். சாதாரண தரத்தில் கணிதம் தவறியது. மறு வருடம் நகரத்தில் பிரத்தியேக வகுப்புக்குப் போய்த்தான் சித்தியடைந்தேன். அந்தக் கட்டணத்துக்காக என் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளிலும் கைக்காசுக்குக் கொழுந்து பறித்தார்.

இரண்டாவது வழி, நகரத்திலுள்ள 1ஏபி பாடசாலை. உயர் தர விஞ்ஞானப் பிரிவு வரை அங்கு உண்டு. ஆனால் பத்து வயதுப் பிள்ளை காலை ஐந்தே முக்காலுக்கு மெயின் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். ஜூன், ஜூலை மழையிலும் பனிமூட்டத்திலும் அந்த நேரம் இருட்டாகத்தான் இருக்கும். மூன்றாவது, நகரத்தில் நடைபெறும் ஒரு சர்வதேசப் பாடசாலை. மாதக் கட்டணம் 12,500 ரூபாய், வேன் தனி. 2024இல் 1,350 ரூபாயாக உயர்ந்த தோட்ட அடிப்படை நாட்சம்பளத்தில் கணக்கிட்டால், அந்தக் கட்டணம் ஒருவருடைய ஒன்பது நாட்சம்பளத்துக்கு மேல். கணவரின் வருமானத்தையும் சேர்த்தால் சிரமப்பட்டுக் கட்டலாம். சின்ன மகனுக்கும் அதையே செய்ய முடியாது.

இதற்கிடையில் அமெரிக்காவிலிருக்கும் என் சின்னம்மாவின் மகள், அரசாங்கப் பணத்தில் தனியார் சபை நடத்தும் சார்ட்டர் பாடசாலையில் தன் பிள்ளை இலவசமாகப் படிப்பதாகச் சொன்னாள். அப்படி ஏதாவது இங்கே உண்டா என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நகரத்துச் சுவர்களில் தொங்கும் பெறுபேற்றுப் பதாகைகளைத் தவிர, ஒரு பாடசாலையை இன்னொன்றோடு ஒப்பிட ஒரு பெற்றோர் எதைப் பார்க்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.


பதில்: நுவரெலியாவிலிருந்து ஒரு தந்தை

சகோதரிக்கு வணக்கம். சர்வதேசப் பாடசாலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில்தான் எனக்கு நேரடி அனுபவம் உண்டு. நான் ஒரு ஹோட்டலில் வரவேற்புப் பகுதியில் வேலை செய்பவன். ஆங்கிலம் சரளமாக வராத காரணத்தால் எனக்குப் பின்னால் வந்தவர்கள் என்னைத் தாண்டிப் பதவி உயர்வு பெற்றதைப் பார்த்தவன். அதனால் மகனை மூன்றாம் தரத்திலிருந்து ஆறாம் தரம் முடியும்வரை அப்படியான ஒரு பாடசாலையில் படிக்க வைத்தேன்.

ஆங்கிலம் அவனுக்கு உண்மையாகவே வந்தது. வெளிநாட்டு விருந்தினரோடு தயங்காமல் பேசுவான். அந்த நான்கு வருடங்களை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காலத்துக்குள் கணிதத்துக்கு மட்டும் ஐந்து பேர் மாறினார்கள். உயர் தரம் முடித்துவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் சிலர் வந்து கற்பித்தார்கள். நல்ல பிள்ளைகள்தான், அனுமதி கிடைத்ததும் போய்விட்டார்கள். இது பற்றி முறையிட வலயக் கல்விப் பணிமனைக்குப் போனபோது, அங்கிருந்த அதிகாரி மரியாதையாக உட்காரவைத்து விளக்கினார்: சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்டவை, அங்கே யார் கற்பிக்க வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் வலயத்துக்கு இல்லை. பிடிக்கவில்லையென்றால் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம் என்பதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை. கடைசியில் அதைத்தான் செய்தேன்.

ஏழாம் தரத்தில் அரச பாடசாலைக்கு வந்தபோது அவனால் தமிழில் ஒரு பக்கக் கட்டுரை எழுத முடியவில்லை. வரலாற்றுப் பாடத்தில் சொற்களே புரியவில்லை. ஒரு வருடம் முழுவதும் என் மனைவி இரவுகளில் அவனோடு உட்கார்ந்தார். ஆகவே சேர்ப்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: பிள்ளை எந்தப் பாடத்திட்டத்தில் படிப்பாள், எந்தப் பரீட்சைக்குத் தோற்றுவாள்? லண்டன் பரீட்சையா, உள்ளூர்ப் பரீட்சையா என்பதை எழுத்தில் கேளுங்கள். நான் அதைக் கேட்காமல் சேர்த்தேன்.


பதில்: ஓய்வுபெற்ற அதிபர், பதுளை

மகளே, உங்கள் கேள்வியில் தெளிவு இருக்கிறது. முப்பத்தொரு வருடம் தோட்டப் பாடசாலைகளிலும் நகரப் பாடசாலையொன்றிலும் பணியாற்றியவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த சார்ட்டர் விடயம். பெயர் நமக்குப் புதிது. அரசு பணம் கொடுக்க வேறொருவர் பாடசாலை நடத்தும் ஏற்பாடு மலையகத்துக்குப் புதிதன்று. 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், தோட்டத்தில் வாழும் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் மீது வைத்தது. அதன் பின் பல தோட்டப் பாடசாலைகள் அரசின் மானியம் பெற்றன. நிர்வாகம் துரையின், அதாவது தோட்ட மேலாளரின், கையில் இருந்தது. என் அப்பா அப்படியொரு பாடசாலையில் படித்தவர். ஒரு மண்டபம், ஒரு வாத்தியார், ஐந்து வகுப்பு. கொழுந்து அதிகமாக வரும் மாதங்களில் வாத்தியாரையே கணக்கெழுத அழைத்துக்கொள்வார்கள் என்று அப்பா சொல்வார். 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்த பிறகும் அந்த மண்டபத்தின் கதவு ஐந்தாம் வகுப்போடு அடைபட்டது. மானியம் கொடுத்த அரசு பிள்ளை என்ன கற்றது என்பதைத் தீவிரமாகக் கேட்கவில்லை. நடத்திய நிர்வாகத்துக்கு அந்தப் பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. 1970களில் தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்டு, பாடசாலைகள் படிப்படியாக அரசின் கீழ் வந்த பிறகுதான் நமது பிள்ளைகளுக்கு மேல் வகுப்புகள் திறந்தன. ஆகவே பணம் யாருடையது, நடத்துபவர் யார் என்ற இரண்டு கேள்விகளோடு, கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார் என்ற மூன்றாவது கேள்வியையும் நான் எப்போதும் சேர்த்துக்கொள்வேன்.

இன்றைய இலங்கையில் சார்ட்டர் முறைக்கு ஓரளவு நெருங்கி வருபவை உதவி பெறும் தனியார் பாடசாலைகள். 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் மிஷன் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவற்றை அரசின் கீழ்க் கொண்டுவந்தபோது, தனியாகவே நிற்பதென்று முடிவெடுத்த சிலவற்றின் தொடர்ச்சி அவை. பிற்காலத்தில் அவற்றின் ஆசிரியர் சம்பளத்தை அரசு ஏற்றுக்கொண்டது. பெரும்பாலும் பெருநகரங்களில் இருப்பதால் உங்கள் தெரிவுக்குள் அவை வராது.

இப்போது உங்கள் மகள். பதாகையைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். உயர் தரத்தில் ஒன்பது பேர் பல்கலைக்கழகம் போனார்கள் என்று இருந்தால், அந்த ஒன்பது பேர் ஆறாம் தரத்திலிருந்தே அங்கு படித்தவர்களா, சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு பெற்ற பின் வெளியிலிருந்து சேர்ந்தவர்களா என்று கேளுங்கள். வெட்டுப்புள்ளி பெற்ற பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கும் பாடசாலையின் பெறுபேற்றையும், காலையில் வாசலுக்கு வரும் எல்லாப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளும் பாடசாலையின் பெறுபேற்றையும் ஒரே தராசில் வைப்பது நியாயமாகாது. சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடைந்தோர் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதை மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கேளுங்கள். ஒரு வருடக் கணக்கு ஒரு நல்ல ஆசிரியராலோ ஒரு மோசமான மழைக்காலத்தாலோ மாறிவிடும்.

அதைவிட முக்கியமானது நேரசூசி. அதிபரின் அறைச் சுவரில் மாட்டியிருக்கும். ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரை கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய மூன்று பாடங்களுக்கு எதிரே யாருடைய பெயர் இருக்கிறது, அவர் அந்தப் பாடத்துக்கு நியமனம் பெற்றவரா, எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார் என்று பாருங்கள். நான் அதிபராக இருந்தபோது பெற்றோர் எவரும் இதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் வலயத்தில் ஆசிரியர் கேட்டு நான் போராடுவதற்கு அது பக்கபலமாக இருந்திருக்கும்.

இறுதியாகப் பல்கலைக்கழகக் கணக்கு. அரச பல்கலைக்கழக அனுமதி உள்ளூர் உயர் தரப் பரீட்சையின் இசட் புள்ளியில், அதாவது பாடங்களின் புள்ளிகளைத் தரப்படுத்திக் கணிக்கும் புள்ளியில், நடக்கிறது. பெரும்பாலான கற்கைநெறிகளில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 மாவட்ட அடிப்படையிலும், 5 கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. நுவரெலியா, பதுளை இரண்டும் அந்தப் பதினாறில் அடங்கும். பிள்ளை எந்த மாவட்டத்தைச் சேர்ந்தவராகக் கணிக்கப்படுவார் என்பது படித்த பாடசாலையைப் பொறுத்தது. லண்டன் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு இந்த வாசல் இல்லை. உங்கள் மகளுக்குப் பத்து வயதுதான் என்றாலும், இப்போது எடுக்கும் முடிவு அந்த வாசல்வரை நீளும்.


பதில்: பண்டாரவளையில் பிறந்து மினசோட்டாவில் வசிப்பவர்

அக்கா, உங்கள் சின்னம்மா மகளைப் போலவே நானும் சார்ட்டர் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பும் தாய். நான் வசிக்கும் மாநிலத்தில்தான் 1991இல் இதற்கான முதல் சட்டம் நிறைவேறியது. 1992இல் செயின்ட் போல் நகரில் முதல் சார்ட்டர் பாடசாலை திறக்கப்பட்டது. இங்கே பெற்றோர் இரண்டு கட்சியாகவே பிரிந்து வாதாடுவார்கள். நான் கண்டதை மட்டும் சொல்கிறேன்.

சார்ட்டர் என்பது ஒரு சாசனம், அதாவது ஒப்பந்தம். இத்தனை வருடத்துக்குள் பிள்ளைகள் இதைக் கற்றிருப்பார்கள் என்று நடத்தும் சபை எழுதிக் கொடுக்கிறது. அனுமதி வழங்கும் அமைப்பு அதைக் கண்காணிக்கிறது. சொன்னதைச் செய்யாவிட்டால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போகலாம், பாடசாலை மூடப்படலாம். கட்டணம் கிடையாது. விண்ணப்பங்கள் இடங்களைவிட அதிகமானால் குலுக்கல் முறையில் தெரிவு செய்கிறார்கள். என் மூத்தவன் ஒரு வருடம் காத்திருப்போர் பட்டியலில் இருந்தான். சபையில் பெற்றோர் ஒருவர் இருக்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது, கூட்டங்களுக்கு யாரும் போய் உட்காரலாம். ஒரு முறை கூட்டத்தில் எழுந்து, இரண்டாம் வகுப்பில் வாசிப்பு ஆசிரியர் ஏன் இரண்டு மாதமாக இல்லை என்று கேட்டேன். பதில் கூட்டக் குறிப்பில் பதிவானது. பண்டாரவளையில் என் அம்மா ஒருநாளும் அப்படி எழுந்து கேட்டதில்லை.

மறுபக்கமும் உண்டு. எங்கள் பாடசாலைக்குப் பேருந்து இல்லை. உறைபனிக் காலத்தில் நானே ஓட்டிச் சென்று விடுகிறேன், கார் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் குலுக்கல் சீட்டு விழுந்தும் பயனில்லை. அயலிலிருந்த வேறொரு சார்ட்டர் மூடப்பட்டபோது பிள்ளைகள் ஒரே கோடை விடுமுறைக்குள் புதிய இடம் தேடி அலைந்தார்கள். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வு மையமொன்று 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, சார்ட்டர் மாணவர்கள் சராசரியாக வருடத்துக்கு வாசிப்பில் 16 நாட்களுக்கும் கணிதத்தில் 6 நாட்களுக்கும் ஈடான அளவு கூடுதலாகக் கற்றிருந்தார்கள். இணையவழியில் மட்டும் நடக்கும் சார்ட்டர்களோ வெகுவாகப் பின்தங்கியிருந்தன. ஆறு நாட்கள் என்பது ஒரு காய்ச்சலில் பிள்ளை தவறவிடும் பாடம். ஒரே பெயருக்குள் அத்தனை வேறுபாடு இருப்பதால், சார்ட்டர் நல்லதா என்று யாராவது என்னைக் கேட்டால், எந்தப் பாடசாலை என்று திருப்பிக் கேட்பேன்.

இன்னொரு விடயம். இங்கே ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று பணம் பிள்ளையோடு போகிறது. முப்பது பிள்ளைகள் சார்ட்டருக்குப் போனால் பழைய பாடசாலையின் பணம் குறையும். கூரையைப் பழுதுபார்க்கும் செலவும் குளிர்காலத்தில் கட்டடத்தைச் சூடாக்கும் செலவும் குறையாது. அங்கே எஞ்சியிருக்கும் பிள்ளைகளைப் பற்றி நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.


பதில்: தோட்டப் பாடசாலை ஆசிரியை, பொகவந்தலாவைப் பக்கம்

மேலே அந்தச் சகோதரி கடைசியாகச் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது எங்கள் பாடசாலையில் ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறது.

தோட்டப் பாடசாலைகளுக்கென்று ஆசிரிய உதவியாளர்களை எடுத்தபோது நியமனம் பெற்றவள் நான். மாதம் 6,000 ரூபாய் கொடுப்பனவில் தொடங்கி, பின்னர் அது 10,000 ஆகி, பயிற்சியை முடித்த பிறகுதான் ஆசிரியர் சேவைக்குள் வந்தோம். பஸ் காசுக்கே போதாத அந்தக் காலத்தில் பலர் விலகினார்கள். நான் பிறந்த தோட்டம் என்பதால் நின்றேன். இன்று எங்கள் பாடசாலையில் ஆறாம் தரத்திலிருந்து விஞ்ஞானம் கற்பிப்பது நான்தான்.

ஐந்தாம் தரம் முடிந்ததும், வீட்டில் வாசிக்கச் சொல்லிக்கொடுக்க ஆள் உள்ள பிள்ளைகளும் வேன் காசு கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளைகளும் நகரத்துக்குப் போய்விடுகிறார்கள். அனுமதிக்கப்பட்ட ஆளணி, அதாவது ஒரு பாடசாலைக்குரிய ஆசிரியர் எண்ணிக்கை, பிள்ளைகளின் தொகையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் எண்ணிக்கையும் குறைகிறது. ஆசிரியர் இல்லை என்று மேலும் நான்கு பேர் போகிறார்கள். கூட்டம் வைத்தால் பேசக்கூடிய, கடிதம் எழுதக்கூடிய பெற்றோரும் பிள்ளையோடு சேர்ந்து வெளியேறிவிடுகிறார்கள் என்பது எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பாகத் தெரிகிறது. உங்களைப் போல எழுதக்கூடிய ஒரு தாய் எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இல்லை.

இதைச் சொல்வதால் உங்கள் மகளைத் தோட்டத்திலேயே வைத்திருங்கள் என்று கேட்பதாக எண்ண வேண்டாம். விஞ்ஞான ஆசிரியர் இல்லாத வகுப்பில் ஒரு பிள்ளையை உட்கார வைக்கும்படி சொல்ல எனக்கு மனம் வராது. அந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்தவள். ஆனால் நீண்ட பயணத்தின் விலையையும் எண்ணிப் பாருங்கள். எங்கள் தோட்டத்திலிருந்து நகரத்துக்குப் போகும் ஒரு மாணவி மாலை நான்கரைக்கு வீடு வந்து, தண்ணீர் எடுத்து, தம்பியைப் பார்த்து, ஏழு மணிக்குப் புத்தகத்தைத் திறக்கும்போதே தூங்கிவிடுகிறாள் என்று அவளுடைய அம்மா சொன்னார். நாற்பத்தைந்து பேர் உள்ள வகுப்பில் அவள் தூங்கி விழுந்ததை யாரும் கவனிக்க மாட்டார்கள். எங்கள் எட்டாம் தரத்தில் பத்தொன்பது பேர். யார் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறார் என்பது எனக்கு முதல் பாடவேளையிலேயே தெரியும்.


மீண்டும் கேள்வி கேட்ட தாய்

பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அதிபர் ஐயா சொன்னபடி இரண்டு பாடசாலைகளுக்கும் நேரில் போனேன்.

எங்கள் தோட்டத்து அதிபர் முதலில் சற்றுத் தயங்கினார். நேரசூசியைத்தான் பார்க்க வந்தேன் என்றதும் கதிரையை இழுத்துப் போட்டு அவரே விளக்கினார். கணிதத்துக்கு எதிரே புதிதாக ஒரு பெயர் இருந்தது. பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் பயின்று வந்த, பக்கத்துத் தோட்டத்தைச் சேர்ந்த இளம் ஆசிரியை. இரண்டாம் தவணையில்தான் பொறுப்பேற்றிருக்கிறார். இது எனக்குத் தெரியாமலே முடிவெடுக்கப் பார்த்தேன். விஞ்ஞானத்துக்கு எதிரே ஆறு முதல் பதினொன்று வரை எல்லாக் கட்டங்களும் வெறுமையாக இருந்தன. பென்சிலால் ஒரு கோடு கூட இல்லை. ஒரு வருடத்துக்கு மேலாக அப்படித்தான் என்றார்.

நகரப் பாடசாலையில் எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர் இருக்கிறார்கள். ஆறாம் தரத்தில் ஒரு வகுப்புக்கு 46 பேர். வெட்டுப்புள்ளி இல்லாத பிள்ளைக்கு வெற்றிடம் இருந்தால் மட்டுமே அனுமதி, வதிவிடத்தையும் பார்ப்பார்கள் என்று பிரதி அதிபர் சொன்னார். லயத்துக்கு ஏது உறுதிப்பத்திரம்? வாக்காளர் இடாப்பின் பிரதிகளை எடுத்து வைத்திருக்கிறேன். பயணத்துக்கு ஒரு வழி கிடைக்கும்போலத் தெரிகிறது: எங்கள் தோட்டத்திலிருந்து உயர் தரத்துக்குப் போகும் இரண்டு அக்காமார் அதே பஸ்ஸில் போகிறார்கள், அவர்களில் ஒருத்தி என் மகளைத் தன்னோடு அழைத்துப் போவதாகச் சொன்னாள்.

சர்வதேசப் பாடசாலை என்ற எண்ணத்தைக் கணவரும் நானும் விட்டுவிட்டோம். ஒரு பிள்ளைக்குக் கட்டி மற்றப் பிள்ளைக்குக் கட்ட முடியாத கட்டணத்தை எங்களால் சரியென்று ஏற்க முடியவில்லை. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைச் சனிக்கிழமை ஆங்கில வகுப்புக்குச் செலவிடலாம் என்று கணவர் சொன்னார். மகளிடம் கேட்டபோது அவள் ஒன்றைத்தான் கேட்டாள்: "அங்கே ஆய்வுகூடம் இருக்காம்மா?" இருக்கிறது என்றேன்.

ஆகவே நகரப் பாடசாலைக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். பொகவந்தலாவை ஆசிரியை எழுதியதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் மகன் இரண்டாம் தரத்தில் இருக்கிறான்; எங்கள் நிலையத்தில் நான் வளர்த்துவிட்ட பதினான்கு பிள்ளைகள் இந்தப் பாடசாலையில் இருக்கிறார்கள். மகளுக்கு இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்த வெற்றுக் கட்டங்களை அப்படியே விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. வரும் சனிக்கிழமை பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம். ஐந்து தாய்மார் சேர்ந்து போய், விஞ்ஞான ஆசிரியர் கேட்டு வலயக் கல்விப் பணிப்பாளருக்குக் கடிதம் எழுதத் தீர்மானிக்கும்படி கேட்கப் போகிறோம். ஐயா, அந்தக் கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்ல முடியுமா?


பதில்: ஓய்வுபெற்ற அதிபர், பதுளை

மகிழ்ச்சியாக இருக்கிறது, மகளே. கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். அனுமதிக்கப்பட்ட ஆளணியில் விஞ்ஞானத்துக்கு எத்தனை பேர், எந்தத் திகதியிலிருந்து வெற்றிடம், ஆறு முதல் பதினொன்று வரை ஒவ்வொரு தரத்திலும் எத்தனை பிள்ளைகள், வாரத்துக்கு எத்தனை விஞ்ஞான பாடவேளைகள் ஆசிரியரின்றிக் கழிகின்றன என்ற நான்கு கணக்கும் அதில் இருக்கட்டும். கடைசிக் கணக்கை ஒரு வருடத்துக்குப் பெருக்கியும் எழுதுங்கள். வாசிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். சங்கத்தின் தீர்மானம் என்று குறிப்பிட்டு, அதிபரும் செயலாளரும் பெற்றோரும் ஒப்பமிடுங்கள். அதிபரை எதிராளியாக நிறுத்தாதீர்கள். ஆசிரியர் வேண்டும் என்பதில் அவர் உங்களுக்கு முன்பிருந்தே நிற்கிறார்.

வலயப் பணிமனையில் நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே பணிமனையின் தகவல் அலுவலரிடம் இரண்டு விபரங்களைக் கேளுங்கள்: வலயத்திலுள்ள விஞ்ஞான ஆசிரியர்கள் எந்தெந்தப் பாடசாலைகளில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எங்காவது அனுமதிக்கப்பட்ட ஆளணிக்கு மேலதிகமாக இருக்கிறார்களா. தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவைப் பதினான்கு வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். வரைவை இங்கே இடுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.